பச்சை நாடாக் கோழி

"நம்ம கோழிக்கு அவ வசியம் வெச்சுட்டாளுங்க," என்றாள் மயிலாத்தாள்.

அவள் கணவர் ஆத்தப்பன் பேப்பரை இறக்கவில்லை. "கோழிக்கெல்லாம் யாரு புள்ளை வசியம் வெப்பாங்க?"

"அப்பறம் ஏனுங்க அது நம்மூட்டுல தின்னுபோட்டு, அவ ஊட்டுல போயி முட்டை போடுது?"

நியாயமான கேள்விதான். வீரபாண்டியில் மயிலாத்தாள் வீட்டுக்குப் பின்னால் அவள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகள். கடைசி வீட்டில் குடியிருப்பவள் நாகஜோதி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். இரண்டு பேரும் கோழி வளர்த்தார்கள். மொபெட்டில் குஞ்சு விற்றுவந்த ஒரே ஆளிடம் வாங்கியதால், எல்லாக் கோழிகளும் ஒரே செம்பட்டை. அடைகாத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.

அதனால் கோழிகளின் காலில் பனியன் துணிக் கழிவை நாடாவாகக் கிழித்துக் கட்டிவிட்டிருந்தார்கள். மயிலாத்தாளின் மகன் தனபாலின் கம்பெனியில் ரோஸ் துணி ஓடியது. அவள் கோழிகளுக்கு ரோஸ். நாகஜோதியின் கம்பெனியில் பச்சை.

ரோஸ் நாடாக்களில் ஒன்றுதான் ஒழுங்காக முட்டையிடும். பேரன் கவினுக்கு இளைப்புத் தொந்தரவு. உடம்பு தேற தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பேரன் வாய்க்குப் போகவேண்டிய முட்டை பக்கத்து வீட்டுக்குப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

போன மாதம் நாகஜோதி முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, உங்க கோழி ஒண்ணு எங்க வீட்டுல..."

"அங்கயே நில்லு கண்ணு." மயிலாத்தாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கோழிக்காய்ச்சல் பற்றி வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் அப்போதுதான் படித்து முடித்திருந்தாள். "உன்ற கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் இருந்தா எங்க கோழிக்கும் ஒட்டிக்கும். கோழிப்பேன் வேற. எங்கூட்டுல எளப்புக்காரப் பையன் இருக்கறான். இனி வேத்து நாடாக் கோழி உன்ற ஊட்டுப்பக்கம் வந்தா நீ வெரட்டு. எங்கூட்டுப்பக்கம் வந்தா நான் வெரட்டறேன்."

"இல்லக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"கையக் கழுவுனியா?"

நாகஜோதி தன் கையைப் பார்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

மயிலாத்தாளின் கோழிகள் வாஷிங் மெஷின் மேலேயே எச்சம் போடும். அது சொந்தக் கோழியின் எச்சம், அதனால் சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆத்தப்பன் முடிவெட்டப் போயிருந்தார். மயிலாத்தாள் "பா... பா..." என்று கம்பை இறைத்தாள். முட்டை போடும் ரோஸ் நாடாக் கோழியை மட்டும் காணோம். ஆனால் பச்சை நாடா கட்டிய கோழி ஒன்று முதல் ஆளாக ஓடிவந்தது. கம்பைத் தின்றுவிட்டு, சொந்த வீடு மாதிரி நேராகச் சமையலறைக்குள் நுழைந்து ஊறவைத்த அரிசியைக் கொத்தியது.

"என்ன திமிரு," என்று மயிலாத்தாள் கதவைச் சாத்தினாள்.

துரத்திப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுவே காலடியில் வந்து நின்றது. நாடாவை அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். கறிக்கடையில் கொடுத்து அறுத்து வாங்கி, மிளகு தூக்கலாக அரைத்து ஊற்றினாள். குழம்பு கொதித்தபோது நாலு வீட்டுக்கு மணந்தது.

ஒரு கிண்ணம் நாகஜோதிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழம்பு கொடுத்தவள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? மனசும் லேசாக உறுத்தியது. அவள் கோழியில் அவளுக்கும் ஒரு பங்கு போகட்டுமே.

"அப்படியே நம்மூட்டுக் கோழியாட்டவே ருசிக்குது," என்றார் ஆத்தப்பன்.

"கடையில வாங்குனதுங்க. பேசாம உண்ணுங்க."

சாயங்காலம் நாகஜோதி வந்தாள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் துணி மூடிய கூடை. கோழியைக் காணோம் என்று கேட்கத்தான் வருகிறாள். நாய் தூக்கிப்போயிருக்கும் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டாள் மயிலாத்தாள்.

"கொழம்பு அருமைக்கா. எங்க வீட்டுக்காரரு எலும்பக்கூட விடல," என்று கிண்ணத்தை நீட்டினாள் நாகஜோதி. கிண்ணம் நிறைய முட்டை.

பிறகு கூடையின் துணியை விலக்கினாள். உள்ளே ஒரு அடைக்கோழி. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன.

"எல்லாம் உங்க கோழி எங்க வீட்டுல வந்து போட்ட முட்டைதான்க்கா. அன்னைக்கே குடுக்க வந்தேன், நீங்க வாசல்லயே நிறுத்திட்டீங்க. வீணாப் போகுமேன்னு என் கோழிய அடை வச்சேன். பொரிக்கிற முன்னாடி வெளிய சொன்னா கண்ணுபட்டுக் கூமுட்டையாயிரும்னு எங்க ஊருல சொல்லுவாங்க, அதான் சொல்லல. கிண்ணத்துல இருக்கிறது அதுக்கப்புறம் இந்த ஈட்டுல போட்ட முட்டை, கவினுக்கு. குஞ்சுக தேறுற வரைக்கும் என் கோழியும் இங்கயே இருக்கட்டும்."

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணையா திருடி என்று நினைத்தோம்? இவள் கோழியையா அறுத்துத் தின்றோம்? வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"கண்ணு... உன்ற கோழி ஒண்ணு..."

"என் கோழியெல்லாம் கூண்டுல பத்திரமா இருக்குக்கா. உங்க கோழி எங்க? அதுக்கு அதோட பிள்ளைகளக் காட்டணும்ல?" நாகஜோதி முற்றத்தில் தேடினாள். "வேத்து நாடாவ வெரட்டணும்னு நீங்க சொன்னீங்கன்னு எங்க வீட்டுக்காரரு நேத்து கம்பத் தூக்கிட்டாரு. முட்டை போட வந்ததப் போயி அடிக்க விடலாமா? அதான் ரோஸ் நாடாவ அவுத்துட்டு, எங்க பச்சை நாடாவக் கட்டிவிட்டேன்."