வாய்தா வக்கீல்

“கட்டைக் குடுங்க சார், நாங்க வேற வக்கீலைப் பாத்துக்கிறோம்” என்று மேஜையில் ஓங்கி அடித்தேன்.

மைக்கூடு கவிழ்ந்து என் வெள்ளைச் சட்டையில் ஊற்றியது. அடித்தவனும் நான், நனைந்தவனும் நான்.

நல்லமுத்து வக்கீல் பழைய பேப்பர் ஒன்றை நீட்டினார். “தொடைச்சிக்கப்பா. எந்தக் கட்டு?”

“பரளச்சி ஈஸ்வரி கேஸுக் கட்டு. எங்க அக்கா. விவாகரத்துக் கேஸு.”

அருப்புக்கோட்டையில் அவருக்குப் பெயரே வாய்தா வக்கீல்தான்.

அக்கா புருஷன் சோலை திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். ஊரில் நாலு பேர் கூடினால் ஒரே பொழுதில் அத்துவிட்டிருப்பார்கள். ஆனால் அக்காவைக் கேட்டு வந்த பாளையம்பட்டி உரக்கடைத் தங்கசாமி அண்ணாச்சி, பெண்டாட்டி செத்தவர், விவரமானவர். “கோர்ட்டுத் தீர்ப்பு கையில வரட்டும். அடுத்த முகூர்த்தத்துலயே தாலி கட்டுறேன்” என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். “மச்சினனுக்கு நம்ம கடையிலயே வேலை.”

மச்சினன் என்றால் நான். பத்தாவதில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கிவிட்டு, பள்ளிக்கூடம் சரியில்லை என்று நின்றுவிட்டவன். அந்தக் கடையில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலிகூடப் பார்த்து வைத்துவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடம் மட்டும், அக்கா வாழ்க்கைக்காக அலைகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேஸ் போட்டு ஒன்றரை வருஷம். சோலை கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. அப்படியும் வாய்தாவுக்கு மேல் வாய்தா. வக்கீல் கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்பார். கொண்டுபோனால் போட்டோ எங்கே என்பார். வாரா வாரம் தபால் கார்டு வேறு வரும்: ‘செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட வரவும்.’ அக்காவை பஸ்ஸில் கூட்டிவருவது என் வேலை. வக்கீல் வீட்டம்மாவோடு அவள் உள்ளே போனால் வெளியே வர ரெண்டு மணி நேரம். ஒரு கையெழுத்துக்கு ரெண்டு மணி நேரமா? எனக்கே அவ்வளவு ஆகாது.

இன்று காலையில் எங்களைப் பெத்த அய்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. அக்காவிடம் ஒரு லெட்டரில் கையெழுத்து வாங்கி என் கையில் கொடுத்தார். “வேற வக்கீல் பேசியாச்சு. திங்கக்கிழமை வாய்தாவுலயே முடிச்சிருவாராம். கட்டை வாங்காம வீட்டுப் பக்கம் வராத.”

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

“ஒன்றரை வருஷமா என்ன சார் செஞ்சீங்க?” என்றேன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

“வாய்தா வாங்குனேன்.”

“அதுக்கு எதுக்கு வக்கீலு? நான் போய் நின்னாலே வாங்கிருவேனே.”

“வாங்க முடியாது தம்பி. எதிர்க்கட்சியே வராத கேஸு. இதை இத்தனை நாள் இழுக்கிறதுக்குத் தனித் தெறமை வேணும்” என்று எழுந்து, அலமாரியிலிருந்து கட்டை எடுத்துப் போட்டார். “லெட்டர்ல உங்கக்கா கையெழுத்து இருக்கு. நான் தடுக்க முடியாது. ஆனா உள்ள உன் சாமான் ஒண்ணு இருக்கு, பாத்து எடுத்துக்க.”

நாடாவை அவிழ்த்தேன். மேலே நாலு கோர்ட்டுப் பேப்பர். கீழே என் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்.

நான் விட்டபோது புதுசாக இருந்தது. இப்போது ஓரமெல்லாம் மடங்கி, பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. ஓரிடத்தில் ‘இந்தக் கணக்கே தப்பு, விடை வராது’ என்று நான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அக்கா போட்டிருந்தாள். விடை வந்திருந்தது.

நடுவில் ஒரு ஹால் டிக்கெட். ஈஸ்வரி, தனித்தேர்வர். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்.

“என்ன சார் இது?”

“உங்கக்கா மொத நாளே கேட்டுச்சு. ‘தீர்ப்பு வந்தா உடனே எனக்குத் தாலி கட்டிருவாக சார். கேஸு நடக்கிற வரைக்கும் யாரும் கட்ட முடியாதுல்ல? நான் பத்தாவது பாஸ் பண்ணி சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடணும். அதுவரைக்கும் இழுங்க’ன்னுச்சு. ‘எங்கிட்ட ஏம்மா வந்தே?’ன்னு கேட்டேன். ‘நீங்கதான் கேஸை முடிக்கவே மாட்டீகளாமே’ங்குது.”

அவரே சிரித்தார். “எங்க வீட்டுல டீச்சரு. செவ்வாக்கிழமை அவதான் கணக்குச் சொல்லிக் குடுப்பா.”

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல சார்?”

“அதையும் கேட்டேன். ‘அவன் நாற்காலி பாத்து வச்சிருக்கான் சார்’னுச்சு.”

நான் நாடாவை எடுத்தேன். கட்டை முடிச்சுப் போட்டு அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

“பரீட்சை அன்னைக்கெல்லாம் கார்டு வருமா சார்?”

“எழுதியே வச்சிட்டேன்.”

வீட்டு வாசலிலேயே அய்யா நின்றார். “கட்டு எங்கலே?”

“வக்கீலு ஊருல இல்லய்யா. வீடு பூட்டிக் கெடக்கு. வர மூணு வாரம் ஆகுமாம்.”

“சட்டையில என்ன மை?”

“பஸ்ஸுல ஒருத்தன் பேனா ஒழுகிருச்சு.”

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அந்த மைக்கூடு எந்த மேஜையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“கழட்டிக் குடுலே, தொவைச்சுத் தாரேன்.”

“நீ போயி உன் சோலியப் பாரு” என்றேன்.

கட்டை வாங்காமல் வீட்டுப் பக்கம் வராதே என்று அய்யா சொல்லியிருந்தார். வாங்கவில்லை. வந்து, ரெண்டு தட்டுச் சோறு தின்றேன்.