பின்னறைக்குச் சட்டம் இல்லை

நடுப்பகல். புது வீட்டின் கூடத்தில் கட்டட ஆய்வாளர் வெப்பக் கேமராவைச் சுவர் சுவராக நகர்த்துகிறார். உள்ளங்கை அகலத் திரையில் கூரையும் நீலம், சுவரும் நீலம்; நீலம் என்றால் குளிர்ச்சி. இத்தனை வெயிலும் உள்ளே வர வழியில்லாமல் வெளியிலேயே நிற்கிறது. "இன்சுலேஷன் பிரமாதம் சார். ஒரு இடம்கூட விடலை" என்கிறார். வீட்டுக்காரனுக்கு உச்சி குளிர்ந்துபோகிறது. அடுத்து பின்னறைக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைகிறது. பழைய வீட்டில் இடிக்காமல் விட்டுவைத்த ஒரே அறை அது. மின்விசிறி சூட்டையே கிளறிக் கிளறி வீச, தோளில் ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அப்பா, ஆள் வந்திருக்கிறதே என்று சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். "இங்க எதுவும் போடலையா?" என்கிறார் ஆய்வாளர். "பழைய ரூமுக்குச் சட்டப்படி வேண்டாம்னு இன்ஜினியர் சொன்னாரு சார்." மகனின் குரல் இறங்கிவிடுகிறது. "ஆமா, கட்டாயம் இல்லை. பாஸ்தான்." "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நான் வெயில்ல காஞ்ச கட்டை" என்று அப்பா சிரிக்கிறார். பிறகு கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் படத்துல விழுறேனா?" என்று ஆசையாகக் கேட்கிறார். ஆய்வாளர் திரையை மகன் பக்கம் திருப்புகிறார். ஒரே சிவப்பு. சுவரின் சூடும் உடம்பின் சூடும் ஒன்றாகிப்போனதில், முகம் எங்கே, கை எங்கே என்று தெரியவில்லை. ஈரத் துண்டு மட்டும் நீலமாக, யாருடைய தோளிலும் இல்லாமல், அந்தரத்தில் தொங்குகிறது. "விழுந்திருக்கேனாப்பா?" "நல்லா விழுந்திருக்கீங்கப்பா" என்கிறான் மகன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.