கடைசியாக இறங்கியது எப்போது?

அந்தப் பெண் என் நோட்டை வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருநூற்றுப் பதினாறு முறை காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவள் நான். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி, கூட வந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு பக்கத்தையாவது புரட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளக்கக் கூடாதா?

கடைசியாக இறங்கி எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்டாள். பதினாலு என்றேன். முழங்காலில் ஆபரேஷன் ஆனதையும் சொன்னேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் யார் என்பதை மட்டும்தான் மறைத்திருந்தேன்.

இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஆறு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறான் என் மகன். நான் பிடி கொடுக்கவில்லை. அவள் என் போட்டோவைக்கூடப் பார்த்ததில்லை. ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் அவளுடைய கடைக்குச் சாதாரண வாடிக்கையாளராகப் போய், கடலுக்குள் ஆளை எடை போட்டுவிட்டு, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தேன்.

ஆனால் அவளல்லவா என்னை எடை போட ஆரம்பித்தாள்.

சிலிண்டரை நீங்களே பொருத்துங்கள் என்று சொல்லிவிட்டு, ஈர ரப்பர் உடுப்புகளைக் காயப்போடும் சாக்கில் என் கைகளையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படகுத்துறைக்குப் பின்னால், ஆழமில்லாத இடத்தில் இறக்கினாள். முகமூடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னாள். செய்தேன். தரையைத் தொடாமல், மேலேயும் எழும்பாமல், மூன்று நிமிடம் ஒரே மட்டத்தில் நிற்கச் சொன்னாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பலூன் மாதிரி மேலே போய்விட்டேன். உடம்பு போட்டிருந்தது; மூச்சை அளந்து விடும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது. இரண்டாம் முறையும் அதே கதைதான்.

கரைக்கு வந்ததும், படகில் போகிறவர்களின் பெயர் எழுதிய பலகையிலிருந்து என் பெயரைத் துணியால் துடைத்தாள். எல்லார் முன்னாலும். கடை முதலாளி குறுக்கே வந்து, அனுபவசாலிதானே, போகட்டுமே என்றார். அப்படியென்றால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். மனுஷன் மறுபேச்சு பேசாமல் உள்ளே போய்விட்டார்.

“இருநூறு தடவை இறங்கியிருக்கீங்க மேடம், நான் இல்லைங்கல. ஆனா இப்போ படகு போற இடத்து நீரோட்டத்துல மேல எழும்பிட்டீங்கன்னா உங்களை நான் எங்க போய்த் தேடுவேன்? மதியம் அமைதியான பக்கமா கூட்டிட்டுப் போறேன்.”

படகு என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது.

பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கறுவிக்கொண்டிருந்தேன். அப்புறம், சொன்னால் சிரிப்பீர்கள், பெருமையாக இருந்தது. என் மகனும் என்னைப் போலக் கடலுக்குள் இறங்குகிறவன்; யார் பேச்சையும் கேட்காத துடுக்குப் பயல். தண்ணீருக்கடியில் அவன் பக்கத்தில் இருக்கப்போகிறவள், முடியாது என்றால் முடியாது என்று சொல்லத் தெரிந்தவள். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

உடனே அவனுக்குப் போன் போட்டேன். எனக்குச் சம்மதம் என்றேன். நான் யாரென்று தெரியாமலே என்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டாள், கெட்டிக்காரிதான் என்றேன்.

அவன் இடைமறித்தான்.

“அவளுக்குத் தெரியும்மா. அவசரம்னா கூப்பிடச் சொல்லி ஃபார்ம்ல என் நம்பரைத்தானே எழுதிக் குடுத்திருக்க? நீ தண்ணியில காலை வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு போன் பண்ணிட்டா. கொஞ்சம் பார்த்து விட்டுடு, அம்மா கோவிச்சுக்குவாங்கன்னு நான் கெஞ்சினேன். உங்கம்மா என்னை வேண்டாம்னு சொன்னாலும் சரி, தேறலைன்னா இறக்க மாட்டேன்னு சொல்லி வெச்சுட்டா.”

தூரத்தில் படகு கரையின் முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் முன்னால் நின்றுகொண்டிருந்தவள் என் மருமகள்.