ஆறு தோல்விக்கு ஒரு விசாரணை

“சட்டையைத் துவைச்சது யாரு? உண்மையைச் சொல்லிடுங்க.”

பூட்டுக்கடைக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத்தான் கேட்டார். மூன்றுக்கு சைபர். தோற்றதுகூடப் பரவாயில்லை, போயும் போயும் அக்கரை அணியிடம் தோற்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இவர்களுடைய இக்கரை அணி, அந்தப் பக்கம் அது. இரண்டும் ஒரே கால்பந்துப் பிரிவில் ஆடுபவை. வருடத் தொடக்கத்தில் அடிமட்டத்தில் கிடந்த அக்கரை அணி, இந்த இரண்டு மாதத்தில் எப்படியோ தலையெடுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு இரண்டும் மறுபடி மோதுகின்றன. அதில் தோற்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

பூட்டுக்கடை மாடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கச் சில சட்டதிட்டங்கள் உண்டு. போட்டிகள் முடியும்வரை அணியின் நீலச் சட்டையில் தண்ணீர் படக் கூடாது. அவரவர் நாற்காலியில் அவரவர்தான் உட்கார வேண்டும். நம் அணிக்கு பெனால்டி கிடைத்தால் பஸ் டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். எப்போதோ ஒருமுறை அப்படி நின்றார், கோல் விழுந்தது. அன்றிலிருந்து பாவம், மனுஷர் ஒரு பெனால்டியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

பல் டாக்டர் தன் சட்டைக் காலரை நீட்டி, முகர்ந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே நம்பினார்கள். டிரைவரும் தான் சுவரைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார்.

“எல்லாம் ஒழுங்கா இருந்தும் வரிசையா ஆறு ஆட்டம் தோத்திருக்கோமே, எப்படி?” என்றார் பூட்டுக்கடைக்காரர்.

அவருடைய மச்சான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

“ஆறு ஆட்டத்துக்கு முன்னாடி இந்த மாடிக்குப் புதுசா வந்தது யாரு மாமா?”

எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் இந்தத் தெருவுக்குக் குடிவந்த லிஃப்ட் மெக்கானிக்தான். அவர் அப்போது கீழே டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷர். வந்த வாரமே தொலைக்காட்சியின் இரைச்சலைச் சரிசெய்து கொடுத்தவர். நம் அணி கோல் வாங்கும்போதெல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார், தோள் இரண்டும் குலுங்கும். அப்படிப்பட்டவரைப் போய் ராசியில்லாதவர் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? மச்சானுக்கு வந்தது.

“லிஃப்டை மேல ஏத்துறதுதான் அவர் தொழில். நம்ம டீமை மட்டும் கீழ இறக்கிட்டாரு.”

வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதுமே என்றார் டிரைவர். மச்சானுக்கு அது போதவில்லை.

“நல்ல சரக்கை ஏன் வீணாக்கணும்? அக்கரை ஆளுங்க சலவைக்கடை மாடியிலதான் மேட்ச் பாக்குறாங்க. இவருக்கு அவங்க டீமோட மஞ்சச் சட்டையை மாட்டி, அவங்க நடுவுல உட்கார வச்சிருவோம். அப்புறம் அவங்க எப்படி ஜெயிப்பாங்க? இந்த யோசனை உலகத்துல வேற எவனுக்கும் வராது மாமா.”

பல் டாக்டர், தான் படித்தவன் என்றும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றும் சொன்னார். செய்து பார்ப்பதில் தப்பில்லை என்றும் சொன்னார்.

சொல்கிற வேலை பூட்டுக்கடைக்காரர் தலையில் விழுந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டார். புதன்கிழமை, மெக்கானிக் வேலை செய்துகொண்டிருந்த ஒரு குடியிருப்புக்கே போய், லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வெயிலைப் பற்றியும் கால்வலியைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“சுத்தி வளைக்காதீங்கண்ணே. நான் கால் வச்ச இடம் விளங்காதுன்னு எனக்கே தெரியும். நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க.”

பூட்டுக்கடைக்காரர் சலவைக்கடை மாடி விஷயத்தைச் சொல்லி முடித்தார். மெக்கானிக் வெகுநேரம் தலை நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

“என் டீமுக்காக எங்க வேணாலும் போய் உட்காருவேண்ணே.”

கிரீஸ் கறையோடு அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார் பூட்டுக்கடைக்காரர். சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான் என்று தோன்றியது. நீ எங்கேயும் போக வேண்டாம், தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம் என்று சொல்ல வாய் துடித்தது. கீழ்ப் பிரிவை நினைத்து அடக்கிக்கொண்டார்.

மஞ்சள் சட்டையை அவரே வாங்கினார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் தொலைத்தால் மானம் போய்விடும் என்று கடைக்குள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

ஞாயிறு மதியம், ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு, மெக்கானிக்கைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். சலவைக்கடை வாசலில் மெக்கானிக் இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

பூட்டுக்கடைக்காரருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. முன்பின் தெரியாத கூட்டத்தில் ஒரு நல்ல மனிதரைத் தனியாகத் தள்ளிவிடுகிறோமே என்று குற்ற உணர்ச்சி குத்தியது. யாராவது ஒரு சொல் கடிந்து பேசினாலும் ஆட்டமாவது மண்ணாவது, கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று படிக்கட்டின் அடியில் ஒதுங்கி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

மேலே கதவு திறந்தது. வெளியே வந்த சலவைக்கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“உன்னை அவங்க மாடிக்கு அனுப்பி ரெண்டு மாசம்தானே ஆச்சு, அதுக்குள்ளயா கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க?”