சத்தம் போடாத டயர்

"சத்தமே வரக்கூடாதும்மா. ஆனா பனியில அட்டை மாதிரி ஒட்டிக்கணும். அப்படி ஒரு டயர் வச்சிருக்கியா?"

முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, அந்தச் சாம்பல் நிற பிக்கப்பிலிருந்து இறங்கும்போதே கேட்டார் லைல் அமுண்ட்சன். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டார். மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் யாரும் சாவியைக் கையோடு எடுத்துப் போவதில்லை. பனியில் மாட்டிக்கொண்ட எவனுக்காவது அவசரத்துக்கு வண்டி தேவைப்படலாம்.

டயர் கடையை வாங்கி மூன்று வாரமே ஆன மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. எதிர் ஓட்டலில் இவரைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது கோப்பை காபி இலவசம் என்பதற்காகவே முதல் கோப்பையை வாங்குகிற ஆள்!

"அய்யா, சத்தம் போடாம பனியில பிடிக்கிற டயரும், சண்டை போடாம வீட்டு வேலை செய்யற புருஷனும் ஒண்ணு. தேடிக்கிட்டே இருக்கலாம்."

லைல் சட்டைப் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்தார். அதில் பொறித்திருந்த லிங்கன் உருவம் தலைகீழாக இருக்கும்படி அதைப் பழைய டயரின் பள்ளத்தில் செருகிக் காட்டினார்.

"தலை முழுசா தெரியுது பாரு. தலை மறையலேன்னா டயர் செத்துப்போச்சுன்னு அர்த்தம். இதை வச்சுக்கிட்டுக் கணவாய் ஏறினா ஒரு உயிர் போயிடும்."

மார்லிஸ் மேடு மேடாக முரட்டுப் பட்டன் வைத்த ஒரு டயரை உருட்டி வந்தாள். "இதைப் பாருங்க. பாறைமேலயே ஏறும்."

"பாறைமேல ஏறி என்ன பண்ண? தினம் நூத்திப்பத்து மைல் ஓடுற வண்டி. எழுபது மைல் தார் ரோடு, நாப்பது சரளை. தார் ரோட்டுல இது தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி கத்தும்."

"அப்ப இது? பத்து அடுக்கு. ஆணியே இறங்காது."

"அது டன் கணக்குல வைக்கோல் ஏத்துறவனுக்கு. இதுல ஒரு கைப்பெட்டிதான் போகுது. கட்டை வண்டி மாதிரி குதிச்சா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

மூன்றாவது டயரின் முன் மண்டியிட்டார். பட்டன்மேல் இருந்த சன்னமான கீறல்களை விரலால் தடவினார்.

"இந்தக் கீறல்தான் ஐஸைக் கவ்வும். நடுவுல பட்டன் நெருக்கமா இருக்கு, அதனால கத்தாது. பனிக்குத் தாங்கும்னு மலையும் பனிச்சில்லும் போட்ட முத்திரையும் இருக்கு. இதையே நாலு மாட்டு."

இங்கே வருமுன் வேறு ஊரில் இருபது வருடம் டயர் விற்ற மார்லிஸ், வண்டிக்கு இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒருவரைக் கண்டதில்லை. இவரைப் போய்க் கருமி என்கிறார்களே என்று கோபம்கூட வந்தது.

"அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடணும். பிந்தினா எல்லாம் வீண்," என்றார் லைல். "டயர் பக்கவாட்டுல இருக்கிற அந்த வெள்ளை எழுத்தை உள்பக்கமாத் திருப்பிடு."

"அதை நாலு பேருக்குக் காட்டத்தானே எல்லாரும் வாங்குறாங்க!"

"திருப்பிடு."

மாட்டி முடித்ததும் அவர் செய்த காரியத்தைப் பார்த்து மார்லிஸ் பதறிப்போனாள். ஓரத்துச் சாக்கடையிலிருந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, நான்கு டயரிலும் அப்பினார்.

"அய்யய்யோ, என்ன பண்றீங்க!"

"இப்பப் பாரு. பழசு மாதிரி இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு மூளை கலங்கின மாதிரியும் இருக்கு."

முதல்முறையாகச் சிரித்தார். கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு, நாலே முக்காலுக்குக் கிளம்பிப் போனார்.

ஐந்தரைக்கு, வெளிச்சம் மங்கும் நேரத்தில், அதே சாம்பல் நிற பிக்கப் திரும்பி வந்தது. ஏதோ குறை சொல்லத்தான் வருகிறார் என்று மார்லிஸ் வெளியே ஓடினாள். கண்ணாடியை இறக்கியது நீலச் சீருடை போட்ட ஒரு பெண்.

"அக்கா, நான் கோரின். வீடு வீடா நோயாளிகளைப் பாக்கப் போற நர்ஸ். மத்தியானத்திலிருந்து அஞ்சு மணி வரைக்கும் கிளினிக்ல மீட்டிங், வண்டி வாசல்லயே நின்னுச்சு. என் டயர் மொழுக்காயிடுச்சு. திங்கக்கிழமை ஆபீஸ்ல செக் பண்ணுவாங்க. இதோட கணவாய் தாண்ட விடமாட்டாங்க. அந்தப் பக்கம் பதினோரு பேர் என்னை நம்பி இருக்காங்க. நாலு வாங்க முடியாது. ரெண்டு போட்டா போதுமான்னு பாருங்களேன். வரும்போது சறுக்கவேயில்ல, பனி இன்னும் இறுகலை போல."

மார்லிஸ் சேறு அப்பிய டயர்களைக் குனிந்து பார்த்தாள். "லைல் அமுண்ட்சன் உனக்கு என்ன வேணும், கண்ணு?"

"சொந்தம்லாம் ஒண்ணும் இல்லையே. போன குளிர்காலம் பூரா அவர் சம்சாரத்தைப் பாக்கத் தினம் போனேன். ஏப்ரல்ல தவறிட்டாங்க. அப்புறம் ஒரு பாட்டில் ஜாம் கொண்டுவந்து குடுத்தாரு. நோயாளி வீட்டுல எதுவும் வாங்கினா எங்களுக்கு வேலை போயிடும். வேண்டாம்னுட்டேன். அன்னையிலிருந்து முகம் குடுத்தே பேசறதில்ல, பாவம்."

மார்லிஸ் பனியில் மண்டியிட்டாள். சேற்றை விலக்கி, டயர்ப் பள்ளத்தில் ஒரு காசைச் செருகினாள். லிங்கன் தலையோடு முழுகிப் போனார்.

காசைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, "யாரு சொன்னது மொழுக்குன்னு? உன் டயர் இன்னும் அஞ்சு குளிர்காலம் தாங்கும், போ!" என்றாள்.