ஆறு நாள் சாப்பாடு

குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவருடைய பையைத் திறந்தேன்.

அவர் குளியலறையில் இருந்தார். கூடத்தில் எங்கள் இருவருடைய முதுகுப்பைகளும் சுவரோரம் சாய்ந்து நின்றன. பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவரைத் திருத்த என்னால் முடியவில்லை. என்னைக் குணப்படுத்த அவராலும் முடியவில்லை.

விவாகரத்துப் பத்திரம் மேசை இழுப்பறையில் தயாராக இருக்கிறது. கையெழுத்துதான் பாக்கி. என் அக்காதான் நடுவில் புகுந்தாள். வருடா வருடம் மலைப்பாதையில் நடக்கப் போவீர்களே, இந்த வருடமும் போங்கள், ஆறு நாள் சேர்ந்து நடந்த பிறகும் பிரியத்தான் வேண்டும் என்றால் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றாள். அவர் சரி என்றார். நானும் சரி என்றேன். மாட்டேன் என்று முதலில் சொல்லிக் கெட்ட பெயர் வாங்க இரண்டு பேருக்கும் இஷ்டமில்லை.

எங்கள் நடைக்கு ஒரு சட்டம் உண்டு. என் சாப்பாட்டை அவர் வாங்கி, கட்டி, தன் முதுகில் சுமக்க வேண்டும். அவருடையதை நான் சுமக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் வழியில் ஒரு சண்டை. எதற்கென்று இப்போது நினைவில்லை. இந்த மனிதர் மொத்தச் சாப்பாட்டோடு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். அரை நாள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்று சாயங்காலம் போட்ட சட்டம் இது. கோபித்துக்கொண்டு போகிறவரும் பட்டினி கிடக்கட்டும்.

அதற்கப்புறம் எவ்வளவு சண்டை வந்தாலும் இருபது அடிக்கு மேல் யாரும் முன்னால் போனதில்லை.

ஒருவர் கட்டியதை மற்றவர் கிளம்பும்வரை பார்க்கக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. போன வாரம் முழுக்க ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினோம். இந்த வருடம் கதவைச் சாத்துவது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

உள்ளே உலர்திராட்சை இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு அது ஆகாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இரும்புச்சத்து என்று ஒவ்வொரு தடவையும் முந்திரியோடு கலந்து வைத்துவிடுவார். ஒன்றே ஒன்று கண்ணில் படட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்று நாடாவை அவிழ்த்தேன்.

எல்லாம் அவர் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற உறைகள். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்களில் டிக் போட்டு, மேலே நாளையும் எழுதியிருந்தார். சாப்பாட்டையே வேளைக்கு ஒன்று என்று கொடுக்கிற ஆளைக் கட்டிக்கொண்டேனே என்று சிரிப்பு வந்தது.

முதல் நாள் உறைகளைப் பிரித்தேன். ஓட்ஸ், நூடுல்ஸ், முந்திரி, பாதாம். என் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டிருக்கிறது. பாதாமை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டிருந்தார். திராட்சை இல்லை.

இரண்டாம் நாளிலும் இல்லை.

காப்பிப் பொடி தனியாக, பால் பவுடர் தனியாக இருந்தன. சர்க்கரை வைக்கவில்லை. எட்டு மாதமாக நான் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை. அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை, அதற்குள் எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. இந்த மனிதர் எப்போது கவனித்தார்?

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்தாவது மண்ணாவது என்று ஒரு நிமிடம் தோன்றியது நிஜம்.

மூன்றாம் நாள் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு நான்காம் நாளைத் தேடினேன்.

பையின் அடிவரை கையை விட்டுத் துழாவினேன். பக்கப் பைகளிலும் பார்த்தேன். மழைச்சட்டை இருந்தது, டார்ச் விளக்கு இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் பாதை ஒரு தார்ச்சாலையைக் குறுக்கே கடக்கும். அங்கே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. முடியாதவர்கள் அங்கிருந்தே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மற்றவர்கள் சாலையைத் தாண்டி மேலே ஏறுவார்கள். அதற்கு மேல் கடை கண்ணி எதுவும் கிடையாது.

என்னை அந்தப் பேருந்தில் ஏற்றிவிடத்தான் இவ்வளவு பக்குவமாகப் பாதாம் உடைத்திருக்கிறார், பாவி.

எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே திருப்பி அடுக்கினேன். நாடாவில் அவர் போடுகிற முடிச்சையே போட்டேன். சரியாக வர இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, என் பையைத் தூக்கி என் முதுகுக்கு நேராகப் பிடித்தார். அது ஒன்றை மட்டும் எந்தச் சண்டையிலும் அவர் விட்டதில்லை. நான் கையை நுழைக்கப் போனேன். அவர் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"என்ன, இந்தத் தடவை பை லேசா இருக்கு?"

"உங்க பையும் அப்படித்தானே இருக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பையை மாட்டிவிட்டு, தோள் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

அவருடைய நான்காம் நாள் சாப்பாட்டைக் கட்டிய பிறகு பிரித்து, மறுபடியும் டப்பாவில் கொட்டியவள் நான். ஐந்தையும் ஆறையும் கட்டவே இல்லை. மூன்றாம் நாள் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிடுவது என்று போன வாரமே முடிவு செய்துவிட்டேன். எனக்கான மிச்ச மூன்று நாள் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு அவர் சாலையில் நின்று என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை அவர் மேல்.

ஒரு தடவை கூப்பிட்டால் போதும், இறங்கிவிடுவதாக இருந்தேன்.