பேசினில் கிடந்த பழைய கூலன்ட்

எஞ்சினைக் குளிர்விக்கும் பழைய கூலன்ட்டைப் பேசினில் வடித்துவிட்டு, புதியதை ஊற்றிய முருகவேள், ஸ்கூட்டரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிப் போனார். பேசினை எடுத்து வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து செவலை என்ற தெருநாய் பட்டறைக்குள் நுழைந்தது. இரண்டு நாள் பட்டினி. பச்சையாய் மினுங்கியதை நக்கிப் பார்த்தது, இனித்தது.

"குடிக்காதே தாயி, நான் விஷம்," என்றது கூலன்ட். "இனிப்பெல்லாம் நாக்கோடு சரி."

செவலை தலை நிமிரவில்லை. "இந்தத் தெருவில் நான் எதில் வாய் வைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அதையெல்லாம் கேட்டிருந்தால் எப்போதோ செத்திருப்பேன்."

"நான் விரட்டவில்லை, கெஞ்சுகிறேன்."

செவலைக்கு வித்தியாசம் தெரியவில்லை. பசி அடங்கக் குடித்தது. மீதியைக் குட்டிகளுக்கென்று விட்டுவைத்து, அவற்றைக் கூட்டிவர ஓடியது.